அந்த நாற்காலியில் ஐந்து நிமிடம்

போன செப்டம்பர் கடைசி வாரம். டாக்ஸ் ஆடிட் வேலை கழுத்தைப் பிடிக்கும் நேரம். ஒரு துணிக்கடையின் கணக்கில் 5,000 ரூபாய் இடித்தது. வவுச்சர், பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் ஒன்றரை நாள் புரட்டிய பிறகுதான் அகப்பட்டது. 83,350 என்ற பில்லை 88,350 என்று டேலியில் ஏற்றியிருக்கிறேன். முப்பத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். தவறே செய்ததில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மாதத்தில் இது மூன்றாவது.

"என்ன மேடம், ரொம்ப டயர்டா இருக்கீங்களா? வேணும்னா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்களேன்" என்றார் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அறுபத்தொரு வயதில் ஒருத்தியிடம் ‘ரெஸ்ட் எடுங்கள்’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அந்த வயதில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் பேங்க்குக்குப் போயிருந்த நேரத்தில், எங்கள் ஆர்ட்டிகிள் பெண், சி.ஏ. பயிற்சிக்கு வந்திருப்பவள், ஒரு ஃபைலை எடுக்க என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வந்ததும் கேட்டாள்: "மேடம், இந்த ஸ்க்ரீன்ல ட்யூப்லைட்தான் தெரியுது. நம்பர் எங்க தெரியுது? எப்படி வேலை பார்க்கிறீங்க?"

ஒன்பது வருடமாக நான் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் சுவரில் ஒரு ட்யூப்லைட். அதன் வெளிச்சம் நேரே கம்ப்யூட்டர் திரையில் விழுந்து ஒரு வெள்ளைக் கோடாக நிற்கும். ஐம்பத்திரண்டு வயதில் அது தொந்தரவாக இல்லை. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, விளக்கு மாறவில்லை. எனக்கே அது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். அவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள்.

நாற்பதைத் தாண்டினால் வருகிற வெள்ளெழுத்தை நம் வீடுகளில் எல்லோரும் அறிவோம். சாளேஸ்வரம் என்று என் பாட்டி சொல்வார். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவது அதனால்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்துகொடுக்க மறுக்கிறது. இது பாதிக் கதை. மீதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளடிக்கிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. அதே அறை, அதே விளக்கு, ஆனால் எனக்கு அது அந்திப்பொழுது. கூடவே கண்கூச்சமும் அதிகம். ஆக எங்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அது கண்ணிலோ திரையிலோ நேராக அடிக்கவும் கூடாது.

மறுநாள் நானும் அவளுமாக மேஜையைக் கால் வட்டம் திருப்பினோம். ஜன்னல் பக்கவாட்டில் வந்தது, ட்யூப்லைட்டும் பக்கவாட்டுக்குப் போனது. பாண்டி பஜாரில் 650 ரூபாய்க்கு ஒரு மேஜை விளக்கு வாங்கி, பில் வைக்கிற இடத்துக்கு மேல் மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்தேன். திரையில் எழுத்தின் அளவைக் கூட்டினாள். அவ்வளவுதான் செய்தது. அதன்பிறகு 3-ம் 8-ம் என்னிடம் விளையாடவில்லை.

என் கழுத்துவலிக்கும் அன்றைக்கே ஒரு விடை கிடைத்தது. நான் போட்டிருப்பது புரோக்ரஸிவ் கண்ணாடி. தூரத்துப் பார்வை மேலே, கிட்டத்துப் பார்வை கீழே. கம்ப்யூட்டர் திரை கண்மட்டத்தில் இருக்கவேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதற்கடியில் இரண்டு ரீம் ஏ4 பேப்பரை வைத்து உயர்த்தியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது சரி. எனக்கோ கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல. லஸ் பக்கம் பிசியோதெரபிக்குப் பதினைந்து நாள் போய் வந்திருக்கிறேன். ரீம் இரண்டையும் எடுத்துவிட்டோம். திரை தாழ்ந்தது, தலையும் தாழ்ந்தது. கண் டாக்டரிடம் சொல்லி, திரை இருக்கும் தூரத்துக்கென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டேன். புரோக்ரஸிவ் போட்டிருக்கிற யாரும் டாக்டரிடம் இதைக் கேட்கலாம்.

‘இந்த வயதில் ஏன் வேலைக்குப் போக வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. தனியார் இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 58 வயதில் பி.எஃப். பென்ஷன் வரத் தொடங்கும். அதன் குறைந்தபட்சத் தொகை, 2014 செப்டம்பரில் நிர்ணயித்தபடி, மாதம் 1,000 ரூபாய். மயிலாப்பூரில் ஒரு மாதத்துக் காப்பிப்பொடிக்கும் பாலுக்கும் அது போதாது. பென்ஷன் ஆயிரத்துக்கு மேல் வருகிறவர்களிலும் பலர் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. தமிழ்நாடு அரசே தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58-லிருந்து 59 ஆக்கியது. 2021-ல் 60 ஆக்கியது. தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். 2021-க்கான தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீட்டில் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இனி அலுவலகங்களில் நரைத்த தலைகள் கூடிக்கொண்டுதான் போகும். பணத்துக்காக மட்டும் வருகிறோம் என்றும் இல்லை. வேலை எனக்குப் பிடிக்கும். ஒரு பாலன்ஸ் ஷீட் இரண்டு பக்கமும் ஒத்துவரும் நிமிடத்தில் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

எங்கள் அலுவலகம் தி.நகரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எத்தனையோ ஆடிட்டர், வக்கீல், ஏஜென்சி அலுவலகங்கள் அப்படித்தான். குடியிருப்பதற்குக் கட்டிய வீடு, லிஃப்ட் கிடையாது. இருபத்தொரு படி. பதினான்காவது படி மற்றவற்றைவிட ஒரு விரற்கடை உயரம். வலதுபக்கம் மட்டும் கைப்பிடி. மாடிப்படி என்றாலே முட்டிவலியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஏறும்போதுதான் வலி, இறங்கும்போது பயம். புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டவர் குனிந்து காலைப் பார்த்தால், கிட்டத்துப் பார்வைக்கான கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பார். படி மங்கலாகத் தெரியும், எங்கே முடிகிறது என்று பிடிபடாது. சாம்பல் நிற சிமென்ட் படியில், பல்பு ஃபியூஸ் போன மாலையில், அது ஒரே சரிவாகத்தான் தெரியும்.

எங்களோடு வேலை பார்க்கிற அறுபத்தேழு வயது சார் ஒருவர் மார்ச் மாதம் அந்தப் பதினான்காவது படியில் சறுக்கினார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அதற்குப் பிறகுதான் வாட்ச்மேன் அண்ணா, யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார். டப்பா 180 ரூபாய். கோயில் படிகளில் காவியும் வெள்ளையும் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. இளையவர்கள்கூட ‘இப்ப நல்லா இருக்கு’ என்கிறார்கள்.

இனி சொல்வது வெளிப்படையாகப் பேசப்படாத விஷயம். சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது எங்கள் கழிப்பறை கீழே, பின்கட்டில். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். தரையோடு பதித்த பழைய மாதிரி. பிடித்துக்கொண்டு எழ ஒன்றும் இல்லை. ஒரு தடவை போய்வர இருபத்தொரு படி இறங்கி, இருபத்தொரு படி ஏற வேண்டும். அதனால் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலை ஒன்பதரைக்கு வந்தால் சாயங்காலம் வரை ஒரு டம்ளர். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும் என்பதால் அது கஷ்டமாகவும் தெரியவில்லை. இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். அந்த அறுபத்தேழு வயது சாருடைய கதை இன்னும் மோசம். அவருக்கு ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. காலையில் சாப்பிட வேண்டியதை, அலுவலகத்தில் நாலு தடவை மாடி இறங்க முடியாது என்று ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போய்த் தூக்கம் கெட்டது. தூக்கம் போதாமல் காலையில் தலைசுற்றல். அவர் படியில் சறுக்கியது அந்த நாட்களில்தான். மாத்திரையை மாற்றியதை டாக்டரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ‘இதைப் போய் எப்படிம்மா சொல்றது?’ என்று என்னிடம் கேட்டார்.

சென்னையில் இது ஏதோ இரண்டு பேருடைய கதை என்று நினைக்க முடியாது. கோபாலபுரத்தில் இருக்கும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை உள்ளவருக்கு அடிக்கடி சிறுநீர் போக வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், பாதத்தில் உணர்ச்சி குறையலாம், தோள்பட்டை இறுகிப்போகலாம். அவர் வேலை செய்கிற இடத்தில் எட்டுகிற தூரத்தில் ஒரு நல்ல கழிப்பறை இருப்பது மருத்துவம்தான். மாடியிலேயே ஒரு சாமான் அறை சும்மா கிடந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் ஓடியது. வீட்டுக்காரரிடம் பேசி, அதில் வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவரில் ஒரு ஸ்டீல் பிடியும் பொருத்த ஆடிட்டர் ஒப்புக்கொண்டார். எனக்காகவும் அந்த சாருக்காகவும் என்று தொடங்கியது. இப்போது அலுவலகமே அதைத்தான் பயன்படுத்துகிறது. நான் மேஜையில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அது காலியாகிறது.

ஏ.சி. பற்றியும் ஒரு வார்த்தை. இளம்பிள்ளைகளுக்கு வெயிலில் வந்ததும் 18-ல் வைக்க வேண்டும். அந்தக் குளிர்காற்று நேராகத் தோளில் இறங்கினால் என் போன்றவர்களுக்குக் கை தூக்க வராது. 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் புதிய அறை ஏ.சி.க்களை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருக்கிறது. மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக வந்த விதி, என் போன்றவர்களின் தோளுக்கும் நல்லது. பழைய ஜன்னல் ஏ.சி.யின் இரைச்சலோ வேறு கஷ்டம். வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். ‘ச’, ‘த’, ‘ப’ போன்ற மெய்யொலிகள் கரைந்துபோய், பேசுவது கேட்கும், ஆனால் என்ன சொன்னார்கள் என்று புரியாது. ‘பத்தா, எட்டா?’ என்று இரண்டு தடவை கேட்டால் காது கேட்கவில்லை என்று பெயர் வந்துவிடும். போனில் தொகை சொன்னால், அதை வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொல்கிறேன். எல்லா கிளையன்ட்டும் அனுப்புகிறார்கள்.

உட்காருவதைப் பற்றிப் பேசும்போது தி.நகரில் வேலை பார்க்கிற எனக்கு ரங்கநாதன் தெருவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் கஷ்டம் உட்கார்ந்தே இருப்பதால் வருகிறது. அங்கே துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களின் கஷ்டம் வேறு. காலில் நரம்பு சுருண்டுகொள்ளும், பாதம் வீங்கும், நாற்பது வயதிலேயே முட்டி தேயும். கேரளத்தில் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் பல வருடம் போராடிய பிறகு, 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1947-ஆம் வருடத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் பணியாளர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 1948-லேயே கிடைத்த ஏற்பாடு, கடைப் பணியாளருக்கு வந்துசேர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. தி.நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். விற்கிற பெண்ணுக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அவர் நின்றுகொண்டே இருந்தால், ‘உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் மேனேஜர் ஒன்றும் சொல்லமாட்டார்.

வெளிநாட்டுக் கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பி.எம்.டபிள்யூ. கார் தொழிற்சாலை. பத்து வருடத்தில் தங்கள் தொழிலாளர்களின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டவர்கள், 2007-ல் ஒரு உற்பத்திப் பிரிவில் அந்தச் சராசரி வரும்படி அப்போதே ஆட்களைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அந்தத் தொழிலாளர்களிடமே ‘எங்கே வலிக்கிறது, என்ன செய்தால் தேவலை?’ என்று கேட்டார்கள். சிமென்ட் தரைக்கு மேல் மரத்தளம் போடச் சொன்னார்கள், முட்டிக்கு இதம். சலூன் நாற்காலி மாதிரி ஒரு இருக்கை கேட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். திரையில் பெரிய எழுத்து, சின்ன பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி. இப்படி 70 சின்னச் சின்ன மாற்றங்கள். தொழிலாளர்களின் நேரத்தையும் சேர்த்து ஆன செலவு சுமார் 40,000 யூரோ. ஒரு கார் கம்பெனிக்கு அது ஒரு காசா? ஒரே வருடத்தில் அந்தப் பிரிவின் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

எங்கள் ஆர்ட்டிகிள் பெண் என் சீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததும் இதே வழிதான். கேட்டால் தெரியும். கேட்பாரில்லாததால் நாங்களும் சொல்வதில்லை. கழுத்து வலி என்றால் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். ஒரு பொருளைக் கேட்டால் ‘இந்த வயசுல இவங்களுக்கு எதுக்கு’ என்பார்கள் என்று நாமே நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம். அந்த பயமும் சேர்ந்துதான் எனக்கு ஒன்பது வருடத்தைத் தின்றது. என் வயதுக்காரர்களிடம் நான் சொல்வது: சொல்லுங்கள். புலம்பலாகச் சொல்லாமல், ‘இந்த விளக்கை இங்கே மாற்றினால் தப்பு குறையும்’ என்று வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். காது கொடுக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள ஊரிலும் வசதி இருக்கிறது. முதியோர் மருத்துவம் என்ற துறை இந்தியாவில் வேர்விட்டதே சென்னையில்தான். டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இன்றைக்கு கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையே இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கீழ், நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒரு முறை இலவச உடல் பரிசோதனையை நிர்வாகம் செய்துதர வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் படிக்கட்டின் இடதுபக்கத்துக்குக் கைப்பிடி இன்னும் வரவில்லை. வெல்டர் அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அந்த சார் மறுபடி வேலைக்கு வருகிறார். மாத்திரையைக் காலையிலேயே சாப்பிடுகிறார்.

நீங்கள் ஒரு அலுவலகம் நடத்துகிறவராக இருந்து, அங்கே ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் வேலை பார்த்தால், நாளைக் காலை அவர் வருவதற்கு முன் அவருடைய நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பிறகு அவர் வந்ததும், என்ன செய்துதர வேண்டும் என்று கேளுங்கள்.